கமிஷன் பெரிதா, குடும்பம் பெரிதா?

மாதம் பிறந்து பத்து நாள் ஆகிறது. காலை 11 மணி. ஆண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். வாசலில் ஒரு குரல் கேட்கிறது.

"அக்கா, இருக்கிறீர்களா?"

"வாம்மா, உள்ளே வா. உனக்குத்தான் பணம் எடுத்து வைத்திருக்கிறேன்."

வந்த பெண்ணின் தோளில் ஒரு பை. பைக்குள் ஒரு கட்டு அட்டைகள். பணத்தை எண்ணி வாங்குகிறாள். அட்டையில் எழுதுகிறாள். கையெழுத்துப் போடுகிறாள். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறாள்.

யார் இவள்?

தபால் ஆபீஸ் சேமிப்புக்கு வீடு வீடாகப் பணம் வாங்கும் ஏஜெண்டு. சர்க்கார் காகிதத்தில் இவளுக்குப் பெயர் "மகளிர் முகவர்". தெருவில் இவளுக்குப் பெயர் "ஆர்.டி. அக்கா".

இந்தத் திட்டம் 1972-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1-ந்தேதி ஆரம்பமாயிற்று. இதில் ஆண்கள் ஏஜெண்டாக முடியாது. பெண்கள் மட்டுமே ஆகலாம். டில்லிக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் "மஹிளா பிரதான் க்ஷேத்ரிய பசத் யோஜனா". பெயர் வாயில் நுழையாது. ஆனால் காரியம் எளியது.

ஒரு வீட்டில் மாதம் ரூ.1,000 கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டு அதைத் தபால் ஆபீசில் கட்டுகிறாள். நூற்றுக்கு 4 ரூபாய் வீதம் அவளுக்கு 40 ரூபாய் கமிஷன் கிடைக்கிறது. அதைக் கொடுப்பது சர்க்கார். பணம் போடுகிறவர்கள் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.

5 வருஷத்தில் அந்த வீட்டார் கட்டுவது ரூ.60,000. 2024-ம் ஆண்டில் இருந்த 6.7 சதவீத வட்டிப்படி, முடிவில் கைக்கு வருவது சுமார் ரூ.71,366.

அப்படி 200 வீடு பிடித்த பெண்ணுக்கு மாதம் ரூ.8,000 வருமானம். அடுப்படி வேலையையும் பார்த்துக்கொண்டு, யாரிடமும் கைகட்டி நிற்காமல் சம்பாதிக்கும் காசு.

2011-ம் ஆண்டு டிசம்பரில் மற்ற சிறுசேமிப்பு ஏஜெண்டுகளின் கமிஷனை மத்திய சர்க்கார் குறைத்தது. 1 ரூபாய் இருந்தது அரை ரூபாய் ஆயிற்று. சில சேமிப்புகளுக்குக் கமிஷனே இல்லை என்று ஆயிற்று. ஆனால் பெண்களின் 4 ரூபாயில் கை வைக்கவில்லை. அது நியாயமான முடிவு.

இன்னும் பல கதவுகள்

பண விஷயத்தில் யோசனை சொல்லும் தொழிலில் பெண்களுக்கு இது ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம்.

ஆயுள் இன்சூரன்சு இருக்கிறது. 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாகச் சேர்த்து 1956-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந்தேதி எல்.ஐ.சி. அமைந்தது. 2024-ம் ஆண்டு டிசம்பர் 9-ந்தேதி அரியானாவில் உள்ள பானிபட் நகரில் "பீமா சகி" என்ற திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 10-வது வகுப்பு தேறிய, 18 முதல் 70 வயது வரையுள்ள பெண்களை இன்சூரன்சு ஏஜெண்டு ஆக்கும் திட்டம் இது. முதல் வருஷம் மாதம் ரூ.7,000, இரண்டாம் வருஷம் ரூ.6,000, மூன்றாம் வருஷம் ரூ.5,000 உதவித்தொகை என்று அறிவித்தார்கள்.

மியூச்சுவல் பண்டு விற்கலாம். அதற்குப் பரீட்சை எழுதித் தேற வேண்டும்.

அதிகம் படித்த பெண்கள் "முதலீட்டு ஆலோசகர்" ஆகலாம். இதற்கு "செபி" அமைப்பு 2013-ம் ஆண்டில் விதிகள் செய்தது. இவர்கள் யோசனை கேட்க வருகிறவரிடம் கட்டணம் வாங்கலாம். ஆனால் அதே ஆளிடம் பண்டு விற்றுக் கமிஷனும் வாங்கக் கூடாது. டாக்டர் பீசு வாங்குவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையும் அவரே வைத்துக்கொள்ளக் கூடாது.

கதவுகள் திறந்திருக்கின்றன. சந்தோஷம்.

ஆனால் உள்ளே போகிற பெண்கள் எத்தனை பேர் நிலைத்து நிற்கிறார்கள்?

நமக்குத் தெரிந்த கதைதான். புதிதாக ஏஜெண்டு ஆன பெண் முதலில் சித்தி வீட்டுக்குப் போகிறாள். "எனக்காக ஒரு பாலிசி எடுங்கள், சித்தி" என்கிறாள். அடுத்து அத்தை. அடுத்து மாமன் மகன். அடுத்து கூடப் படித்த சிநேகிதி. முகதாட்சண்யத்துக்காக எல்லோரும் ஆளுக்கு ஒன்று எடுக்கிறார்கள். ஒரு வருஷத்தில் உறவுக்காரர்கள் தீர்ந்துபோகிறார்கள். அதோடு தொழிலும் தீர்ந்துபோகிறது.

பிறகு என்ன? சித்தியால் இரண்டாம் வருஷத் தவணை கட்ட முடியவில்லை. பாலிசி செத்துவிடுகிறது. ஆரம்ப வருஷங்களில் நிறுத்தினால் கட்டியதில் பெரும்பகுதி திரும்பி வராது. அடுத்த கல்யாண வீட்டில் சித்தி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

தவறு எங்கே? "இந்த வீட்டுக்கு என்ன வேண்டும்?" என்று அவள் கேட்கவில்லை. "இந்த வீட்டில் எதை விற்கலாம்?" என்று கேட்டாள்.

ஒரு வீட்டைப் பார்ப்போம்

இது கற்பனை வீடுதான். ஆனால் எந்தத் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும்.

கணவனுக்கு 32 வயது. லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மாதம் ரூ.22,000 கிடைக்கிறது. மனைவி தையல் மிஷினில் ரூ.4,000 சம்பாதிக்கிறாள். இரண்டு குழந்தைகள். ஊரில் வயதான அம்மா. வட்டிக்கடையில் ரூ.50,000 கடன். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி.

செலவெல்லாம் போக, மாதம் ரூ.2,500 மிச்சம் பிடிக்கலாம் என்று மனைவி கணக்குப் போட்டிருக்கிறாள். வருஷத்துக்கு ரூ.30,000.

இந்த வீட்டுக்கு ஒரு ஏஜெண்டு வருகிறாள்.

அவள் சொல்லக்கூடிய வார்த்தைகள் இரண்டு வகை.

"வருஷம் 30,000 கட்டுங்கள். 20 வருஷம் கழித்து மொத்தமாகக் கிடைக்கும். மகள் கல்யாணத்துக்கு ஆகும்" என்று சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கும். இந்த வகை பாலிசியில் முதல் வருஷத் தவணையில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் கமிஷன் கிடைப்பது உண்டு. அதாவது ஒரே கையெழுத்தில் அவளுக்கு ரூ.6,000.

ஆனால் அந்த வீட்டுக்கு? அந்தத் தவணைக்குச் சுமார் ரூ.6 லட்சம்தான் காப்புத் தொகை. நாளைக்கே கணவனுக்கு லாரியில் அடிபட்டு ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பணம் இரண்டு வருஷச் சாப்பாட்டுக்கு வரும். அப்புறம்? இன்னொரு பக்கம் வட்டிக்கடைக்கு மாதம் ரூ.1,500 போய்க்கொண்டே இருக்கிறது. வருஷத்துக்கு ரூ.18,000. 36 சதவீத வட்டி கட்டிக்கொண்டே, 6 சதவீதமோ 7 சதவீதமோ வட்டிக்குச் சேமிப்பதா? ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை அல்லவா இது?

அந்த ஏஜெண்டு வேறு மாதிரியும் சொல்லலாம்.

"அண்ணி, முதலில் அந்தக் கடனை அடையுங்கள். இந்த 2,500 ரூபாயை மாதா மாதம் அசலுக்குக் கட்டினால் இரண்டு வருஷத்துக்குள் தீர்ந்துவிடும். இடையில் உங்கள் பாங்கிக் கணக்கு மூலமாகவே இரண்டு சர்க்கார் இன்சூரன்சு எடுத்துவிடுங்கள். ஒன்று வருஷத்துக்கு ரூ.436. எப்படி இறந்தாலும் ரூ.2 லட்சம். இன்னொன்று வருஷத்துக்கு ரூ.20. விபத்தில் இறந்தால் ரூ.2 லட்சம். கொஞ்சம் கை ஓடியதும், ஆயுளுக்கு மட்டும் காப்புத் தருகிற 'டெர்ம்' பாலிசி ஒன்று அண்ணன் பேரில் எடுக்கலாம். முடிவில் பணம் திரும்ப வராது. ஆனால் சில ஆயிரம் ரூபாய்த் தவணையில் 25 லட்சம், 50 லட்சம் என்று காப்பு கிடைக்கும்."

இந்த யோசனைக்கு அவளுக்கு இன்றைக்குக் கிடைக்கும் கமிஷன் எவ்வளவு?

கடனை அடைக்கச் சொன்னதற்கு ஒன்றும் இல்லை. பாங்கி இன்சூரன்சுக்கு ஒன்றும் இல்லை. டெர்ம் பாலிசியில் பிற்பாடு கொஞ்சம். ஆக, அன்று மத்தியானம் வெயிலில் நடந்து வந்ததற்குக் கூலி ஒரு டம்ளர் மோர்.

இந்தத் தொழிலின் கஷ்டம் இதுதான். பரீட்சை எழுதுவதும் வெயிலில் நடப்பதும் அப்புறம். வீட்டுக்கு எது நல்லதோ அதில் ஏஜெண்டுக்குக் காசு குறைவு. ஏஜெண்டுக்கு எதில் காசு அதிகமோ அது பல வீடுகளுக்கு ஆகாது. எல்லாப் பாலிசியும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் பல சமயம் அப்படித்தான்.

வீட்டுப் பக்கம் நின்றால் பிழைக்க முடியுமா?

முடியும் என்று நாம் சொல்கிறோம். தர்மத்துக்காகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தே சொல்கிறோம்.

6,000 ரூபாய் கமிஷன் வாங்கியவள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாது. மோர் குடித்துவிட்டு வந்தவள் போகலாம். இரண்டு வருஷத்தில் கடன் தீர்ந்ததும் அந்த வீட்டு ஆர்.டி. அவளிடம்தான். டெர்ம் பாலிசி அவளிடம்தான். மகள் படிப்புக்கு என்ன செய்யலாம் என்று அவளிடம்தான் கேட்பார்கள். தையல்காரியின் தங்கை, தங்கையின் பக்கத்து வீடு என்று ஆட்கள் தாமாகவே வருவார்கள். ஒரு வீட்டோடு 30 வருஷம் பழகலாம்.

ஈமு கோழி வந்தபோது

ஏஜெண்டின் மிகப் பெரிய உதவி, "வேண்டாம்" என்று சொல்வதுதான். அதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

கொங்கு நாட்டில் ஈமு கோழி வந்த கதையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரூ.1.5 லட்சம் கட்டு, குஞ்சும் தீனியும் நாங்கள் தருகிறோம், மாதம் ரூ.6,000 உனக்கு என்றார்கள். வருஷக் கடைசியில் போனசும் உண்டு என்றார்கள். சினிமா நட்சத்திரங்கள் விளம்பரத்தில் சிரித்தார்கள். நகையை விற்றுக் கட்டியவர்கள் உண்டு. நிலத்தை அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு.

2012-ம் ஆண்டில் எல்லாம் கவிழ்ந்தது. முதலாளிகள் ஓடினார்கள். கோழிகள் தீனி இல்லாமல் பட்டியில் கிடந்தன. ஜனங்கள் கலெக்டர் ஆபீசில் மனுவோடு நின்றார்கள்.

இதைத் தடுக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மாதம் 6,000 என்றால் வருஷத்துக்கு ரூ.72,000. ஒன்றரை லட்சத்துக்கு 72,000 என்றால் நூற்றுக்கு 48. அந்தக் காலத்தில் பாங்கியில் ஒரு வருஷ வட்டி நூற்றுக்கு 9 ரூபாய் அளவில் இருந்தது. பாங்கி 9 தரும்போது கோழிக்காரன் மட்டும் எப்படி 48 தருவான்? அவன் கோழி தங்க முட்டையா இடுகிறது?

இந்தக் கேள்வியை அடுப்படியில் உட்கார்ந்து கேட்க ஒரு அக்கா இருந்த வீடு தப்பியிருக்கும்.

கோழி போனால் வேறொன்று வரும். தேக்கு மரம் வரும். நிலச் சீட்டு வரும். தங்கக் காசு வரும். மாதம் நூற்றுக்கு 10 வட்டி என்று நோட்டீசு வரும். 1990-க்குப் பிந்திய வருஷங்களில் சென்னையில் பைனான்சு கம்பெனிகள் வரிசையாக மூழ்கின. பணம் போட்டவர்களைக் காப்பாற்ற 1997-ம் ஆண்டில் தமிழ்நாடு சர்க்கார் ஒரு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் மூலமாகப் பணம் திரும்பி வருவதற்குள் மகளுக்கு வயது ஏறிவிடுகிறது. போடுவதற்கு முன்னால் தடுப்பதே மேல்.

பெண் என்றால் நம்பலாமா?

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும்.

பெண் ஏஜெண்டு அடுப்படி வரை வருகிறாள். ஆண் ஏஜெண்டு திண்ணையோடு நிற்கிறான். கணவனுக்குத் தெரியாமல் அரிசிப் பானையில் போட்டு வைத்த பணம் எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும். மாமியார் அடகு வைத்த வளையல் எந்தக் கடையில் இருக்கிறது என்பதும் தெரியும். இந்த உரிமை பெரிய உரிமை. அதனால்தான் மோசடிக் கம்பெனிக்காரர்களும் பெண்களையே தேடிப் பிடித்து ஏஜெண்டாக வைக்கிறார்கள். "நம்ம தெரு அக்கா சொன்னாள்" என்று பணம் போட்டு அழுதவர்கள் ஏராளம். அந்த அக்காவும் தன் பணத்தைப் போட்டுவிட்டு அழுதிருப்பாள். அது வேறு.

பெண்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று சட்டம் இல்லை. ஆகவே குடும்பத் தலைவிகள் சில விஷயங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். நல்ல ஏஜெண்டு இதற்குக் கோபப்பட மாட்டாள்.

ஆர்.டி. பணம் கொடுத்தால் அந்த நிமிஷமே அட்டையில் கையெழுத்து வாங்குங்கள். சில மாதத்துக்கு ஒரு தடவை தபால் ஆபீஸ் பாஸ் புத்தகத்தில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டையில் இருப்பது ஏஜெண்டின் எழுத்து. பாஸ் புத்தகத்தில் இருப்பதுதான் தபால் ஆபீசின் எழுத்து.

இன்சூரன்சு பாலிசி வந்ததும் பெட்டியில் போட்டுப் பூட்டாதீர்கள். படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். சொன்னது ஒன்று, எழுதியிருப்பது ஒன்று என்றால், கையில் கிடைத்த 30 நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம். 2024-ம் ஆண்டு விதி அது.

விண்ணப்பத்தில் நோயை மறைக்காதீர்கள். "சர்க்கரை வியாதி இருப்பதை எழுதாதே, தவணை ஏறும்" என்று சொல்லும் ஏஜெண்டு உங்கள் சிநேகிதி அல்ல. பாலிசி எடுத்து மூன்று வருஷத்துக்குள் சாவு நேர்ந்தால் கம்பெனி தோண்டிப் பார்க்கும். மறைத்தது தெரிந்தால் பணம் தர மறுக்கலாம். தாலி இழந்து நிற்பவள் அப்போது யாரிடம் போய்க் கேட்பாள்?

1913-ம் வருஷத்துச் சட்டம்

நல்ல ஏஜெண்டு சட்டமும் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பாள். ஒரு உதாரணம் சொல்கிறோம். பலருக்குத் தெரியாத விஷயம் இது.

கணவன் பெயரில் பாலிசி இருக்கிறது. அவன் கடன் வைத்துவிட்டு இறந்துபோகிறான். கடன்காரர்கள் அந்தப் பாலிசிப் பணத்துக்கும் கை நீட்டினால் என்ன செய்வது?

இதற்கு 1874-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இருக்கிறது. கல்யாணமான பெண்களின் சொத்துச் சட்டம் என்று அதற்குப் பெயர். மனைவி மக்களின் நன்மைக்காக என்று எழுதி ஒருவன் தன் ஆயுள் மேல் பாலிசி எடுத்தால், அந்தப் பணம் மனைவி மக்களுக்கு உரியது. அவர்களுக்கென்று கட்டிவைத்த டிரஸ்டு மாதிரி. கடன்காரர்களை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபித்தால் ஒழிய, அவர்கள் அதைத் தொட முடியாது.

முதலில் இந்த வசதி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இல்லை. பிறகு கொடுத்தார்கள். அதில் சென்னை மாகாணத்துக்கு ஒரு பெருமை உண்டு. நம் மாகாணத்தில் 1913-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதிக்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கே இந்தப் பாதுகாப்பு வந்துவிட்டது. இந்தியாவின் மற்றப் பகுதிகளில் 1923-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக்குப் பிறகுதான் வந்தது.

இதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். பாலிசி எடுக்கும்போதே இன்னும் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். எடுத்த பிறகு ஞாபகம் வந்தால் பிரயோஜனம் இல்லை. கடை வைத்திருப்பவர்களும் லாரி வைத்திருப்பவர்களும் இதை அவசியம் கேட்க வேண்டும். அந்த ஒரு பாரத்தை எடுத்து நீட்டுகிறாளா என்று பார்த்தாலே ஏஜெண்டின் தரம் தெரிந்துவிடும்.

போட்டோ ஒட்டிய பாஸ் புத்தகம்

ஆமதாபாத் நகரத்தில் "சேவா பாங்கி" என்று ஒன்று உண்டு. 1974-ம் ஆண்டில் சுமார் 4,000 ஏழைப் பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டு ஆரம்பித்த கூட்டுறவு பாங்கி அது. காய்கறி விற்பவர்கள், பழைய துணி விற்பவர்கள், கைவண்டி இழுப்பவர்கள். அவர்களை ஒன்று சேர்த்தவர் இலா பட் என்ற அம்மையார்.

அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கையெழுத்து இல்லாமல் பாங்கிக் கணக்கு எப்படி? பாஸ் புத்தகத்தில் அவர்களுடைய போட்டோவை ஒட்டினார்கள். முகமே கையெழுத்து ஆயிற்று.

எழுதத் தெரியாதவளை "உனக்கு எதற்கு பாங்கி?" என்று துரத்தியவர்கள் உண்டு. அவளுக்கு ஏற்றபடி பாங்கியை மாற்றியவர்கள் இவர்கள். நம் ஊர்ப் பெண் ஏஜெண்டுகள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாடிக்கைக்காரிக்குப் படிப்பு இல்லை என்றால், பாரத்தை வரிவரியாகப் படித்துச் சொல்லிவிட்டுக் கைநாட்டு வாங்க வேண்டும். "இங்கே போடுங்கள், அங்கே போடுங்கள்" என்று விரலைப் பிடித்து அழுத்தக் கூடாது.

நம் பேரிலும் குற்றம் உண்டு

ஏஜெண்டுகளையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா? வாங்குகிறவர்கள் என்ன செய்கிறோம்?

"உன் கமிஷனில் எனக்கு எவ்வளவு தருவாய்?" என்று கேட்கிறோம். முதல் தவணையை ஏஜெண்டே கட்டினால்தான் பாலிசி எடுப்பேன் என்று பேரம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். 1938-ம் ஆண்டின் இன்சூரன்சுச் சட்டம் 41-வது பிரிவின்படி அது குற்றம். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ரூ.10 லட்சம் வரை அபராதம் போடலாம். சட்டத்தை விடுங்கள். கூலியைப் பிடுங்கிக்கொண்டு விட்டால், நாளைக்கு உங்கள் வீட்டில் ஒரு துக்கம் என்றால் அவள் எதற்காக ஓடி வருவாள்? சாவுச் சான்றிதழ் வாங்க, பாரம் பூர்த்தி செய்ய, கம்பெனி ஆபீசில் நாள் முழுவதும் காத்துக் கிடக்க, யார் வருவார்கள்?

இன்னொன்று. ஜாதகம் பார்க்க 500 ரூபாய் கொடுக்கிறோம். வக்கீலுக்குக் கொடுக்கிறோம். டாக்டருக்குக் கொடுக்கிறோம். பண விஷயத்தில் யோசனை சொல்லும் பெண்ணுக்கு மட்டும் ஒரு ரூபாய் கொடுக்க மனம் வருவதில்லை. "சும்மா சொல்லிவிட்டுப் போயேன்" என்கிறோம். சும்மா சொல்கிறவள் எதையாவது விற்றுத்தானே சாப்பிட வேண்டும்? பிறகு "விற்றுவிட்டாள்" என்று புலம்புகிறோம். விஷயம் பெரிதாக இருந்தால், அதாவது நிலம் விற்ற பணம், ஓய்வு பெற்ற பணம், இறந்தவருக்கு வந்த இன்சூரன்சுப் பணம் போன்றவற்றுக்கு, செபியில் பதிவு செய்த ஆலோசகரிடம் கட்டணம் கொடுத்து யோசனை கேளுங்கள். அதில் பெண்களும் இருக்கிறார்கள். கட்டணம் கசக்கும். ஆனால் அந்த யோசனையில் விற்பனை கலந்திருக்காது.

தொழிலுக்கு வரும் பெண்ணின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. "ஊர் சுற்றுகிறாள்" என்று மாமியார் பேசுவதும், "யார் வீட்டுக்குப் போனாய்?" என்று கணவன் துருவுவதும் நின்றால்தான் அவள் நிமிர்ந்து நடப்பாள். மாலையில் அவள் கணக்கு எழுதும் ஒரு மணி நேரம் அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கணவனுக்கும் கை இருக்கிறது. கணக்கு ஒரு நாள் தள்ளிப்போனால் மறுநாள் குழப்பம். ஊரார் பணத்தில் குழப்பம் வரக் கூடாது.

ஊரார் பணமும் வீட்டுப் பணமும் ஒரே பையில் இருக்கவும் கூடாது. அவசரத்துக்கு எடுத்தேன், நாளைக்கு வைத்துவிடுவேன் என்று தொட்டவர்கள்தான் பிறகு தெருவில் தலைகாட்ட முடியாமல் போனவர்கள். வாங்கிய பணத்தைத் தாமதம் இல்லாமல் தபால் ஆபீசில் கட்டிவிட வேண்டும். எவ்வளவு நல்ல பெண்ணாக இருந்தாலும், பீரோவில் ஐம்பதாயிரம் ரூபாய் தூங்கினால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு அவசரம் வரும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை

நேயர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். அரை மணி நேர வேலை.

பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். எந்த பாங்கியில் கணக்கு, எந்தத் தபால் ஆபீசில் ஆர்.டி., பாலிசி நம்பர் என்ன, தவணை எந்த மாதம், நாமினி யார் என்று எழுதுங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் நாமினியாக அம்மா பெயர் இருக்கும். அம்மா இறந்து பல வருஷம் ஆகியிருக்கும். அதை மாற்ற வேண்டும் என்று குறித்துவையுங்கள். யாருக்கு எவ்வளவு கடன், என்ன வட்டி என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். மனைவிக்குத் தெரியாத கடன் இருந்தால் இன்றைக்குச் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சண்டை வரும். பரவாயில்லை.

அடுத்த பத்தாந்தேதி ஆர்.டி. அக்கா வருவாள். மோர் கொடுங்கள். நோட்டுப் புத்தகத்தை அவள் முன்னால் வையுங்கள். "எங்கள் வீட்டுக்கு என்ன செய்யலாம், சொல்லம்மா" என்று கேளுங்கள். அவள் முதலில் கடன் எழுதிய பக்கத்தைப் புரட்டுகிறாளா, பாலிசி விற்கும் பாரத்தை எடுக்கிறாளா என்று பாருங்கள்.